ரூல் மாறினது ஸ்லைடுல புரியல, கையால கணக்கு போட்டப்பதான் புரிஞ்சுது: உங்க அனுபவத்தையும் எழுதுங்க

காவேரிக்கரை

வணக்கம். அமெரிக்காவுல காலேஜ் ஃபைனான்ஷியல் எய்டு ஆபீஸ்ல வேலை பாக்கறவங்க நம்மள்ல இத்தனை பேர் இருக்கோம்னு போன வாரம்தான் தெரிஞ்சுது, அதான் இந்த இழையை ஆரம்பிக்கறேன். ரூல் மாறும்போது உங்களுக்கு ட்ரெயினிங் எப்படி நடந்துச்சு, கவுன்ட்டர்ல அது கைகொடுத்துச்சா கைவிட்டுச்சான்னு மனசுல இருக்கறதை எழுதுங்க. முதல்ல என்னோடது.

நான் நியூஜெர்சில ஒரு கம்யூனிட்டி காலேஜ்ல ஒன்பது வருஷமா இருக்கேன். பசங்க உதவிப் பணத்துக்குப் போடற ஃபாஃப்சா ஃபார்ம் இருக்கே, அதை அடியோட மாத்தணும்னு 2020 டிசம்பர்லயே சட்டம் போட்டுட்டாங்க, ஆனா முழுசா நடைமுறைக்கு வந்தது 2024-25 படிப்பு வருஷத்துக்குத்தான். அதுக்காக 2023 பூரா எங்களுக்கு வெபினார் மேல வெபினார். குடும்பத்தால எவ்ளோ கட்ட முடியும்னு காட்டற இஎஃப்சிங்கற எண் போயி அதுக்குப் பதிலா எஸ்ஏஐ வருது (எண் கம்மியானா உதவி அதிகம்), அது மைனஸ் 1,500 வரைக்கும் இறங்கலாம், ஒரே வீட்ல எத்தனை பேர் காலேஜ் போறாங்கங்கறது இனி கணக்குல வராது, வரி விவரம் வரித் துறையான ஐஆர்எஸ்லேர்ந்து நேரா வந்துரும், அதுக்கு ஆளாளுக்கு சம்மதம் குடுக்கணும்... எல்லாம் ஸ்லைடுல இருந்துச்சு. நானும் நோட்டு நிறைய எழுதினேன், கடைசில குவிஸ் வெச்சாங்க, பாஸும் பண்ணேன், சரி புரிஞ்சுருச்சுன்னு நெனச்சேன்.

எங்க சூப்பர்வைசரம்மாவுக்கு அது போதல. எஜுகேஷன் டிபார்ட்மென்ட் வெளியிட்ட ஃபார்முலா கைடை பிரின்ட் எடுத்து, வெள்ளிக்கிழமை சாயங்காலம் கவுன்ட்டர் மூடினதும் ஆளுக்கு ஒரு பென்சில், ஒரு கால்குலேட்டர், ஒரு கற்பனைக் குடும்பம்னு குடுத்துட்டாங்க. இந்த வீட்ல அப்பா டிரைவர், அம்மா பார்ட் டைம், பையன் பேர்ல 8,000 டாலர் சேவிங்ஸ், எஸ்ஏஐ என்ன வரும்னு வரி வரியா கையால போடணும். முதல் நாள் எனக்கு ஒரு குடும்பம் முடிக்கவே ஒன்றரை மணி நேரம் ஆச்சு, அதுவும் தப்பு. வீட்ல பிள்ளைங்க காத்திருக்கும், எரிச்சலா வரும், ஆனா நாலாவது வாரத்துல எந்த வரி எங்கேர்ந்து வருதுன்னு கண்ணை மூடினாலே தெரிய ஆரம்பிச்சுது. பையன் சேவிங்ஸ்ல 20 சதவீதம் சேரும், அப்ப 8,000க்கு 1,600, அது மனப்பாடமே ஆயிருச்சு.

அந்தக் குளிர்காலம் உங்க எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். வழக்கமா அக்டோபர் 1ல திறக்கற ஃபார்மை டிசம்பர் 30ல திறந்தாங்க, அதுவும் கொஞ்ச நேரம் திறப்பாங்க, திரும்ப மூடிருவாங்க. பசங்க விவரத்தோட எங்களுக்கு வர்ற ஐசர் மார்ச் வரைக்கும் வரவே இல்ல. தினமும் ஃபோன்ல "எங்களுக்கு எவ்ளோ கிடைக்கும் மேடம்"னு கேக்கற தாய்மார்களுக்கு என்ன பதில் சொல்றது, கையில ஒண்ணுமே இல்லையே.

ஒருவழியா மார்ச்ல ஐசர் வந்து சேந்துச்சு, அதுல ஒரு பையனோடதை எடுத்துப் பாக்கறேன், பெத்தவங்க வருமானம் 60,000 டாலருக்கு மேல, பையன் பேர்ல சேவிங்ஸும் காட்டிருக்கு, ஆனா எஸ்ஏஐ ரொம்பக் கம்மியா நிக்குது. பழக்க தோஷத்துல பென்சில் எடுத்துப் போட்டேன், ஒத்துப்போகல. திரும்பப் போட்டேன், அப்பவும் இல்ல. பக்கத்து சீட்டுப் பொண்ணையும் போடச் சொன்னேன், அவளுக்கும் என் நம்பர்தான் வந்துச்சு. சேவிங்ஸே கணக்குல சேரலன்னு அப்பதான் பிடிபட்டுச்சு. அதுக்கப்புறம் மார்ச் 22 வாக்குல டிபார்ட்மென்ட்டே சொன்னாங்க, பெத்தவங்க சார்புல இருக்கற, அசெட் காட்டின பசங்களோட ஐசர் சுமார் 2 லட்சம் தப்பாப் போயிருக்குன்னு. நாங்க அதுக்குள்ள அந்த மாதிரி ஃபைலையெல்லாம் தனியா எடுத்து வெச்சிருந்தோம், ஒரு ஆஃபர் லெட்டர் கூட தப்பா வெளிய போகல. வெபினார் மட்டும் பாத்திருந்தா எனக்கு இது கண்ணுல பட்டிருக்கவே படாது.

இன்னொண்ணு. திருப்பிக் கட்ட வேண்டாத அரசு உதவிப் பணமான பெல் கிராண்ட்ல முன்னாடி ஒரு செமஸ்டருக்கு 6லேர்ந்து 8 கிரெடிட் எடுத்தா பாதி, 9லேர்ந்து 11 முக்கால், 12 முழுசு. இப்ப 12ல எத்தனை கிரெடிட் எடுக்கறாங்களோ அந்த அளவு சதவீதம். 2024 செப்டம்பர்ல ஒரு பொண்ணு வந்தா, ராத்திரி வேர்ஹவுஸ்ல வேலை, கண்ணெல்லாம் செவந்து கிடக்கு. 7 கிரெடிட் எடுத்திருக்கா, அதுல ஒரு கிரெடிட் லேப். "6 இருந்தாலும் 7 இருந்தாலும் பணம் ஒண்ணுதான்னு என் அக்கா சொன்னா, லேபை விட்டுறவா?"ன்னு கேக்கறா. அவ அக்கா படிச்ச காலத்துல அது சரிதான். நான் பேப்பர்ல எழுதிக் காட்டினேன். முழு பெல் 7,395, ஒரு செமஸ்டருக்கு 3,697.50. 7 கிரெடிட்னா 58 சதவீதம், 2,144 டாலர் சொச்சம். 6 ஆக்கினா 50 சதவீதம், 1,848 சொச்சம். கிட்டத்தட்ட 300 டாலர் போயிரும். அந்தப் பேப்பரை மடிச்சு பர்ஸ்ல வெச்சுக்கிட்டா. லேபை விடல.

வைகைக்கரையான்

அக்கா, படிச்சதும் எழுதணும்னு தோணிருச்சு. நான் மதுரை, இப்ப டெக்சாஸ்ல ஒரு ஸ்டேட் யுனிவர்சிட்டில இருக்கேன். இந்த உதவிப் பணத்துக்கெல்லாம் அடிவேரான 1965 சட்டத்துல அப்ப ஜனாதிபதியா இருந்த ஜான்சன் கையெழுத்து போட்டது நாங்க இருக்கற பக்கத்துலதான், சான் மார்க்கோஸ்ல அவர் படிச்ச காலேஜ்லயே வெச்சு, நவம்பர் 8ந் தேதி. அந்த ஊர் வழியாப் போகும்போதெல்லாம் அது ஞாபகம் வரும்க்கா.

நான் சொல்ல வந்தது ஆர்டூடீஃபோர் கதை. தெரியாதவங்களுக்கு, பையன் செமஸ்டர் நடுவுல படிப்பை விட்டுட்டான்னா எத்தனை நாள் படிச்சானோ அந்த அளவு பணம்தான் அவனுக்குச் சொந்தம், மிச்சத்தைத் திருப்பணும், 60 சதவீதம் தாண்டிட்டான்னா முழுசும் அவனுது. நான் வேலைக்குச் சேந்த வருஷம் ட்ரெயினிங்குக்கு ஒரே ஒருத்தரைத்தான் அனுப்புவோம்னாங்க, அவர் போயிட்டு வந்து அரை மணி நேரம் எங்களுக்குச் சொன்னாரு, அம்புட்டுதான் எங்களுக்குக் கிடைச்சது.

மார்ச் கடைசில ஒரு பையன், அப்பாவுக்கு உடம்பு முடியலன்னு விட்டுட்டுப் போறான். செமஸ்டர் மொத்தம் 115 நாள், அவன் 60ஆவது நாள்ல விட்டான். நான் 60ஐ 115ஆல வகுத்து 52.2ன்னு போட்டுட்டேன். ஸ்பிரிங் பிரேக்கு 9 நாளு, சனிக்கிழமைலேர்ந்து அடுத்த ஞாயிறு வரைக்கும், அதை மேலயும் கீழயும் கழிக்கணும், தொடர்ந்து 5 நாளோ அதுக்கு மேலயோ லீவு விட்டா கழிக்கணும்ங்கறது ரூல், எனக்கு யாரும் சொல்லவும் இல்ல நான் ஹேண்ட்புக்குல பாக்கவும் இல்ல. சரியான கணக்கு 106க்கு 51, அதாவது 48.1. அவனுக்கு வந்தது 5,000 டாலர், அப்ப 205 டாலர் வித்தியாசம். செகண்ட் ரிவ்யூல ஒரு அம்மா கண்டுபிடிச்சாங்க, ஆனா அதுக்குள்ள பையனுக்கு முதல் லெட்டர் போயிருச்சு. திருத்தின லெட்டரும் பில்லும் ரெண்டாவதா போச்சு. அவன் ஃபோன் பண்ணி கத்தவே இல்லக்கா. "சார் அப்பா ஆஸ்பத்திரில இருக்காரு, இந்த 205 எப்படி வந்துச்சுன்னு மட்டும் சொல்லுங்க"ன்னு கேட்டான். அந்தக் குரல் எனக்கு இன்னிக்கும் கேக்குது.

அன்னைலேர்ந்து ஒவ்வொரு செமஸ்டர் ஆரம்பத்துலயும் பிரேக் தேதி, மொத்த நாள், 60 சதவீதம் எந்தத் தேதில விழுதுன்னு ஒரு அட்டையில எழுதி மானிட்டர் ஓரத்துல ஒட்டிருவேன். புதுசா யார் சேந்தாலும் என் பக்கத்துல உக்காந்து பழைய கேஸ் அஞ்சு போட்டாத்தான் நிஜ ஃபைல் குடுப்பேன், அந்தப் பையனோட கேஸும் பேர் இல்லாம அந்த அஞ்சுல ஒண்ணு.

மல்லிகைப்பந்தல்

நான் ஆபீஸ்ல இல்ல, கவுன்ட்டருக்கு இந்தப் பக்கம் நின்ன அம்மா. எழுதலாம்ல? என் பையன் இங்கயே பொறந்தவன், சிட்டிசன். அவங்கப்பா எச்1பி வேலை விசால, நான் அவரைச் சார்ந்த எச்4 விசால, எனக்கு சோஷியல் செக்யூரிட்டி நம்பர் கிடையாது. 2024 ஜனவரில ஒரு காலேஜ்ல போய்க் கேட்டா, பெத்தவங்க விசால இருந்தா பையனுக்கு எய்டே கிடையாதுன்னு ஒருத்தர் சொல்லி அனுப்பிட்டார். அன்னிக்கு ராத்திரி வீட்ல யாரும் சரியாச் சாப்பிடல. ரெண்டு நாள் கழிச்சு மனசு கேக்காம திரும்பப் போனேன். வேற ஒரு பொண்ணு உக்காந்திருந்தா, சின்ன வயசுதான், "ஒரு நிமிஷம் ஆன்ட்டி"ன்னு ஹேண்ட்புக்கைத் திறந்து அந்தப் பக்கத்தை என் பக்கம் திருப்பிக் காட்டினா. பையன் சிட்டிசனா இருந்தா போதும், பெத்தவங்க விசா ஒரு தடை இல்ல. நீங்க ரெண்டு பேரும் ஜாயின்ட்டா வரி கட்டினீங்கன்னா அப்பா ஒருத்தர் ஃபார்ம்ல சேந்தா போதும், உங்க நம்பர் தேவையே இல்லன்னு சொன்னா. அந்த முதல் ஆளு மேல எனக்குக் கோவம் இல்லன்னு சொல்ல மாட்டேன், இருக்கு. நான் திரும்பப் போகாம இருந்திருந்தா?

பொருநை

மல்லிகைப்பந்தல் அக்கா, உங்க கோவம் நியாயம்தான். தெரியலன்னா பாத்துச் சொல்றேன்னு சொல்லணும், இல்லன்னு சொல்லி அனுப்பக் கூடாது.

நான் மேல்படிப்புப் பசங்களைப் பாக்கற ஆபீஸ்ல இருக்கேன், எங்களுக்கு இப்பதான் பெரிய அலை. 2025 ஜூலை 4ல வந்த சட்டப்படி 2026 ஜூலை 1லேர்ந்து புதுசா கடன் வாங்கறவங்களுக்கு மேல்படிப்புக்கான அரசுக் கடன் கிராட் பிளஸ் கிடையாது. அதுக்கு முன்னாடி படிப்புச் செலவு எவ்ளோவோ அது வரைக்கும் வாங்கலாம், அதுக்கப்புறம் சாதாரண மேல்படிப்புக்கு வருஷம் 20,500, மொத்தம் 1 லட்சம் டாலர், புரொஃபஷனல் படிப்புன்னா வருஷம் 50,000, மொத்தம் 2 லட்சம். அப்ப எது புரொஃபஷனல்ங்கறதுதான் எல்லாமே. 2025 நவம்பர்ல டிபார்ட்மென்ட் கூட்டின குழு ஒத்துக்கிட்ட பட்டியல்ல மருத்துவம், சட்டம், பல் மருத்துவம் எல்லாம் இருந்துச்சு, நர்சிங் இல்ல.

அந்த வாரமே ஒரு நர்ஸ் வந்தாங்க, பத்து வருஷம் வார்டுல வேலை பாத்துட்டு நர்ஸ் பிராக்டிஷனர் படிக்கணும்னு ஆசை, ரெண்டு பிள்ளைங்க. "எனக்கு 20,500ஆ 50,000ஆ"ன்னு நேராக் கேட்டாங்க. நல்லவேளை அதுக்கு ரெண்டு நாள் முன்னாடி நடந்த ட்ரெயினிங்ல எங்க ட்ரெயினர் ஒண்ணு செய்ய வெச்சிருந்தார், சட்டத்துல இருக்கறது நீல மசியில, குழு ஒத்துக்கிட்டது பச்சையில, ஃபைனல் ரூல்னு வந்ததும் கறுப்புலன்னு. அந்த நோட்டை அப்படியே அவங்க முன்னாடி வெச்சேன், 20,500ங்கற எண் நீலம், நர்சிங் அதுல வரும்ங்கறது இன்னிக்கு பச்சை, கறுப்பு ஆகற வரைக்கும் நான் அடிச்சுச் சொல்ல முடியாது, ஆனா வீட்டுச் செலவை 20,500ஐ வெச்சே பிளான் பண்ணுங்கன்னேன். ஏற்கனவே அதே படிப்புல சேந்து 2026 ஜூலைக்கு முன்னாடி கடன் வாங்கினவங்களுக்கு மட்டும் மூணு வருஷம் இல்ல மிச்சப் படிப்பு, எது கம்மியோ அது வரைக்கும் பழைய லிமிட் ஓடும்ங்கறதையும் சொன்னேன், அவங்க இன்னும் சேரல, அதனால அவங்களுக்கு அது உதவல. கலங்கிட்டாங்க. ஆனா போகும்போது கையைப் பிடிச்சுக்கிட்டு, தெரிஞ்சதையும் தெரியாததையும் பிரிச்சுச் சொன்னீங்களே அது போதும்னாங்க.

காவேரிக்கரை

வைகைக்கரையான் தம்பி, அந்த அட்டையை நாளைக்கே எங்க ஆபீஸ்லயும் ஒட்டப் போறேன். மல்லிகைப்பந்தல், நீங்க எழுதினதை எங்க அடுத்த ட்ரெயினிங்ல படிச்சுக் காட்டலாமா, பேர் எதுவும் சொல்ல மாட்டேன்.

பொருநை, புதுச் சட்டத்துல எங்களை மாதிரி கம்யூனிட்டி காலேஜை அடிக்கப் போறது இன்னொண்ணு, முழு நேரம் படிக்காதவங்களுக்கு வருஷக் கடன் லிமிட்டும் கிரெடிட் கணக்குல குறையும். எங்க பசங்கள்ல பாதிக்கு மேல பார்ட் டைம்தான். சூப்பர்வைசரம்மா ரிட்டயர் ஆயிட்டாங்க, அதனால இந்த வெள்ளிக்கிழமை பென்சிலும் கால்குலேட்டரும் நான் எடுத்து வைக்கறேன். முதல் கேஸ் எழுதியாச்சு: முதல் வருஷப் பொண்ணு, பெத்தவங்க சார்புல இருக்கா, லிமிட் 5,500, ரெண்டு செமஸ்டர்லயும் 9 கிரெடிட். 24க்கு 18, முக்கால், அப்ப 4,125. ரெண்டாவது கேஸ்ல அதே பொண்ணு, ஜனவரில 9ஐ 6 ஆக்கிடறா. நீங்களும் போட்டுப் பாத்து இங்க எழுதுங்க.