கதையில் கத்தி வைத்திருப்பவன் ஏன் எப்போதும் எங்கள் ஏரியா?

கேள்வி: வடசென்னை வியாசர்பாடியில் மாலை வகுப்பு எடுக்கிறேன். ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி கதை எழுதினாள். நாயகி நல்ல சிவப்பு, அண்ணா நகர். கத்தி வைத்திருப்பவன் கறுப்பு, வியாசர்பாடி. அவள் அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். “கதைன்னா அப்படித்தானே மிஸ்?” என்றாள். இரவெல்லாம் தூக்கம் வரவில்லை. என்ன செய்யலாம்?

பதில் 1: 1940களில் அமெரிக்காவில் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் தம்பதி நடத்திய பொம்மை ஆய்வைப் படியுங்கள். கறுப்பினக் குழந்தைகளிலேயே பெரும்பாலோர் வெள்ளைப் பொம்மையைத்தான் ‘நல்லது’ என்றார்கள். பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்ற 1954 தீர்ப்பிலும் கிளார்க்கின் ஆய்வு இடம்பெற்றது.

பதில் 2: அவளைத் திட்டிவிடாதீர்கள் மிஸ். அப்பாவின் ஒரு நாள் வேலையை எழுதச் சொல்லுங்கள்.

கேட்டவர்: சரி, சொன்னேன். முதல் வரி: “அப்பா சட்டையில் கிரீஸ் வாசம்.”