நீர்ச்சறுக்கு (வாட்டர் ஸ்கீ) ஸ்லாலம் கோச் சொன்னதில் எது நிஜமாகவே வேலை செய்தது? அனுபவங்களை எழுதுங்கள்

இடதுகால்_முன்னால்

ஃப்ளோரிடாவில் ஒரு ஏரி. படகின் வேகம் மணிக்கு 49 கி.மீ., கயிறு 18.25 மீட்டர் (நீளத்தைக் காட்டும் சிவப்பு லூப்). படகு நடுவே போகும், ஸ்கீயர் இரு பக்கமும் மாறி மாறி மிதக்கும் ஆறு பந்தைச் சுற்றி வர வேண்டும், அதுதான் ஒரு பாஸ். ஸ்கீயர் மூன்றாவது பந்துக்கு லேட், நாலாவதில் கயிறு தொய்ந்து போய் விழுவார். எல்லா பாஸிலும் இதே கதை. படகில் இருந்த அத்தனை பேரும் அவருடைய திருப்பத்தைத்தான் குறை சொன்னோம். கோச் திருப்பத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. படகை நிறுத்தச் சொன்னார், ஸ்கீயரைப் பின்பக்கப் பிளாட்பாரத்தில் நிற்க வைத்தார், கைப்பிடியைக் கொடுத்துவிட்டு மறுமுனையைத் தானே வெடுக்கென்று இழுத்தார். முழங்கை இரண்டும் மடங்கின. "பாத்தீங்களா, இதுதான் உங்க மூணாவது பந்து" என்றார்.

இன்னும் மண்டைக்குள் ஓடுவது அதுதான். தேர் வடம் இழுப்பது போலக் கையை மடக்கி இழுத்தால், வேக்கில் (படகுக்குப் பின்னால் இரு பக்கமும் எழும் அலை) ஏறும்போது வரும் பளு கையை நேராக்கிவிடும். கைப்பிடி இடுப்பை விட்டு முன்னால் போகும், ஸ்கீ தட்டையாகும், குறுக்கே போன வேகம் அங்கேயே செத்துவிடும். அப்புறம் பந்தை நோக்கி நேராகத்தான் போக முடியும். கை நீட்டியபடி, முழங்கை ஜாக்கெட்டை ஒட்டி, கைப்பிடி இடுப்புக்கு அருகில் தாழ்ந்து இருக்க வேண்டும். பளுவைக் கால்தான் தாங்க வேண்டும்.

ஏரிக்கரை55

கை மடங்கியது உண்மையாக இருக்கலாம். ஆனால் ஏன் மடங்கியது? கேட்டில் (பந்து வரிசைக்கு நுழைவாயிலாக மிதக்கும் இரண்டு பந்து) லேட் ஆனதால்தான். 49 கி.மீ. வேகத்தில் ஒரு பந்துக்கும் அடுத்ததுக்கும் நடுவே 41 மீட்டர், அதாவது மூன்றே நொடி. முதல் பந்தில் இழந்த நேரம் அங்கேயே திரும்பக் கிடைக்காது, அடுத்தடுத்த பந்தில் கூடிக்கொண்டே போகும். மூன்றாவதில் தெரிவதெல்லாம் கேட்டில் செய்த தப்பு.

ஒரு கோச் படகில் உட்கார்ந்தபடி மூன்று பாஸுக்கு ஒரே வார்த்தைதான் சொன்னார்: "இன்னும் அகலமா." கேட்டுக்கு 55 மீட்டர் முன்னால் இருக்கும் மிதவைகளைப் படகு தாண்டும்போது இடது பக்கம் வெளியே போகத் தொடங்குவது ஆரம்பத்துக்குச் சரியான குறி. போதிய அகலம் வந்ததும் இரண்டு கையாலும் பிடித்து, நிமிர்ந்து, சறுக்கியபடி காத்திருக்க வேண்டும். உள்ளே திரும்புவது மெதுவாகத் தொடங்கி, வேக்கை நெருங்க நெருங்க சாய்வு கூட வேண்டும். அகலம் போதாதவர் அந்தக் குறையை ஈடுகட்டத் திடீரென்று ஸ்கீயை வெட்டித் திருப்புவார், பளு ஒரேயடியாக வரும், கை மடங்கும். வலது கேட் பந்தை உரசுகிற மாதிரி கடந்தால் சீக்கிரம் வந்திருக்கிறீர்கள், இடது பந்துப் பக்கமாக நுழைந்தால் லேட். வீடியோவில் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

ஃபின்_அளவு

ரெண்டு பேரும் ஸ்கீயையே பாக்கலியே! பைண்டிங் (காலை ஸ்கீயோட பிடிச்சு வைக்கிற பூட்டு) ஒரு ஸ்க்ரூ ஓட்டை பின்னால இருந்தா ஸ்கீயோட முன்முனை தூக்கிக்கும், திருப்பம் நீளும், அடுத்த பந்துக்கு லேட்தான். நம்ம ஏரிக்கு வந்த கோச் முதல்ல கேட்டது "ஃபின் அளவு எழுதி வச்சிருக்கீங்களா?"னுதான். ஃபின்னுன்னா ஸ்கீயோட வால் அடியில இருக்கிற துடுப்பு. அந்த அளவு யார்கிட்டயும் இல்ல.

யாரும் கேக்கல, ஆனாலும் சொல்றேன். ஸ்லாட் காலிப்பர் (ஃபின்னை அளக்கிற கருவி) வாங்குங்க. ஆழம், நீளம், வால் முனையிலிருந்து ஃபின்னின் பின்விளிம்பு வரைக்கும் உள்ள தூரம், விங் (ஃபின்ல மாட்டுற சின்ன இறக்கை) கோணம், நாலையும் நோட்டுல எழுதுங்க. நீளத்தைக் காலிப்பரோட நுனியால அளக்கிறதும் தாடையால அளக்கிறதும் வேற வேற எண் தரும், அதனால எதுல அளந்தீங்கன்னும் எழுதணும். இதைக் கவனிக்காம அடுத்தவர் சொன்ன அளவை அப்படியே வச்சு ஸ்கீயைக் கெடுத்தவங்க நிறைய. ஒரு தடவைக்கு ஒண்ணைத்தான் மாத்தணும், அதுவும் அங்குலத்துல ஆயிரத்தில் 5 முதல் 10 பங்கு மட்டும். திருப்பத்துல வால் வழுக்கி வெளிய போனா ஆழத்தைக் கொஞ்சம் கூட்டுங்க. முனை அதிகமாக் கடிச்சு ஆளை முன்னால தள்ளுச்சுன்னா பைண்டிங்கை ஒரு ஓட்டை பின்னால எடுங்க. பைண்டிங்கை முதல்ல பாருங்க, ஃபின் அப்புறம். ஸ்க்ரூவை இறுக்கினதும் இன்னொரு தடவை அளங்க, இறுக்கும்போதே ஃபின் நகரும்.

ஏரிக்கரை55

@ஃபின்_அளவு 18.25-ல் ஆறு பந்தும் எடுக்க முடியாத ஒருவர் ஃபின்னைத் தொடவே கூடாது. தினமும் வேறு இடத்தில் நிற்கிறவருக்கு எந்த அளவும் பொருந்தாது. அவர் நிற்கும் நிலை மாறும், ஃபின் மேல் பழி விழும்.

ஃபின்_அளவு

தொடச் சொல்லல, அளந்து எழுதி வைக்கச் சொன்னேன். ஸ்க்ரூ தளர்ந்து நகர்ந்துடுச்சுன்னா எதை வச்சுக் கண்டுபிடிப்பீங்க?

நீலலூப்

சண்டை வேண்டாம், ரெண்டும் தேவை. பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். 55 கி.மீ. வேகத்தில் தடுமாறிய ஒருவரை கோச் நேரே 46-க்கு இறக்கிவிட்டார். அவர் முகம் சுருங்கியது. ஆனால் அந்த வேகத்தில்தான் கோச் சொன்னதைச் செய்ய நேரம் இருந்தது: இரண்டாவது வேக்கைத் தாண்டும்வரை இரண்டு கையும் கைப்பிடியில், அதன் பிறகே கரைப் பக்கக் கையை விட வேண்டும். அதற்குமுன் விட்டால் கயிறு தோளைத் திருப்பிவிடும், உடம்பு படகைப் பார்க்கும், பந்துக்கு வெளியே போகவே முடியாது. நாலாவது பாஸில் அவர் கைப்பிடி இடுப்பிலேயே ஒட்டிக்கொண்டு வேக்கைத் தாண்டியதைப் பார்த்தோம், தண்ணீர்ச் சிதறல் உயரம் பாதியாகிவிட்டது. வேகத்தை 3 கி.மீ. வீதம் மட்டும் ஏற்றினார், ஆறு பந்தும் எடுத்தால்தான் அடுத்த படி.

பந்து நடுக்கோட்டிலிருந்து 11.5 மீட்டர். கயிற்றைச் சுருக்கி 11.25-க்கு வந்தால் பந்தின் தூரத்தைவிடவே குட்டை, மிச்சத்தை நீட்டிய கையும் சாய்ந்த உடம்பும்தான் ஈடுகட்ட வேண்டும். அந்த நீளத்தில் வேக்குக்கு அந்தப்பக்கம் கைப்பிடியை விட்டுக்கொடுத்தவருக்கு இடமே இல்லை. 18.25-லேயே பழகிக்கொள்ளச் சொல்வது அதற்காகத்தான்.

இடதுகால்_முன்னால்

அந்த ஸ்கீயர் கோச்சிடம் என்ன கேட்டுவிட்டுத் தண்ணீரில் இறங்கினார்? அதை எழுதுங்கள்.

நீலலூப்

இறங்குவதற்கு முன் ஸ்கீயர் கோச்சிடம் சொன்னது நான்கே விஷயம்: வேகம், கயிறு, எந்தக் கால் முன்னால், எந்தப் பந்தில் தவறுகிறது. பிறகு "ஒரு செட்டுக்கு ஒரே ஒரு திருத்தம் மட்டும் சொல்லுங்க" என்றார் (செட் என்பது ஒருமுறை இறங்கித் தொடர்ந்து செய்யும் பாஸ்கள்). வீடியோவைப் படகிலிருந்து எடுக்கச் சொன்னார், கயிறும் ஸ்கீயும் ஒரே ஃபிரேமில் வரும்படி. பாஸ் முடிந்ததும் வீடியோவை அவர் வேக் நடுவில் இருக்கும் இடத்தில் நிறுத்தி, கைப்பிடிக்கும் இடுப்புக்கும் எவ்வளவு இடைவெளி என்று மட்டும் பார்த்தார்கள். வேறு எதையும் பேசவில்லை.