‘காக்னிட்டிவ் பயஸ்’: வெள்ளிக்குள் ஒரு சொல் வேண்டும்

அன்பர்களுக்கு வணக்கம்.
சமரசர்களுக்கான பயிற்சிக் கையேட்டைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளியன்று அச்சுக்குப் போகிறது. ‘அறிவாற்றல் சார்பு’ என்று எழுதியிருந்தேன். வகுப்பில் வாசித்தபோது, “சமரசர் ஒரு பக்கம் பேசுவதா?” என்று ஒருவர் கேட்டுவிட்டார். அதுவல்ல, தமக்கே தெரியாமல் எண்ணம் வளைவது. உளவியலாளர் லீ ராஸ் குழுவினர் ஓர் ஆயுதக் குறைப்புத் திட்டத்தை அமெரிக்கர்களிடம் காட்டினார்கள். அவர்களின் அதிபர் ரீகன் சொன்னது என்றபோது 90 விழுக்காட்டினர் தம் நாட்டுக்குப் பாதகமில்லை என்றார்கள். அதையே சோவியத் தலைவர் கோர்பசேவ் சொன்னது என்றபோது 44தான். இந்த வளைவுக்குத்தான் சொல் தேடுகிறேன்.

————

ஐயா, சொல் கையிலேயே இருக்கிறது. “சொற்கோட்டம் இல்லது செப்பம் ஒருதலையா உட்கோட்டம் இன்மை பெறின்” (குறள் 119). உட்கோட்டம்! கோடுதல் என்றால் வளைதல். யானையின் கொம்பும் கோடு. கொடுங்கோல், கொடுந்தமிழ் எல்லாம் அந்த வளைவின் உறவுகளே. கோணலையும் இங்கே சேர்க்கலாம் என்பது என் துணிபு.

————

அழகான சொல்தான், ஆனால் காவல்துறை உட்கோட்டம்தான் இன்று யாருக்கும் நினைவுக்கு வரும். அதைவிட, வள்ளுவர் சொல்வது நடுவுநிலை தவறும் குற்றம். இதுவோ எல்லா மனத்துக்கும் உள்ள இயல்பு. தகராறோடு வந்து உட்கார்ந்திருப்பவரிடம் ‘உமக்கு உட்கோட்டம்’ என்றால் எழுந்து போய்விடுவார். ‘மனச்சாய்வு’ போதும்.

————

மனம் வடசொல். ‘உளச்சாய்வு’ என்க.

————

மனம் எல்லார் வாயிலும் புழங்குவது. அதை விரட்ட வேண்டாம். என் தடை ‘சாய்வு’ மீது. சாய்வு என்றால் விருப்பம் தொனிக்கிறது. 1974இல் உளவியலாளர்கள் கானெமனும் ட்வெர்ஸ்கியும் எழுதிய சோதனையில், சுழற்றிவிட்ட எண்சக்கரம் 10இலோ 65இலோ நிற்கும். ஐநாவில் ஆப்பிரிக்க நாடுகளின் விழுக்காட்டைக் கேட்டால், 10 பார்த்தவர்களின் மதிப்பீடு 25ஐயும் 65 பார்த்தவர்களின் மதிப்பீடு 45ஐயும் ஒட்டி வந்தது. அந்த எண்மீது யாருக்கு என்ன விருப்பம்? இழப்பீட்டுப் பேச்சில் முதலில் விழும் தொகையும் இப்படித்தான் கடைசிவரை இழுக்கும். இது ‘எண்ணப்பிசகு’.

————

பிசகு என்றால் எப்போதோ நேர்வது. இது ஒரே பக்கமாகத் திரும்பத் திரும்ப நேர்வது. தராசுத் தட்டு தாழ்வதுபோல. சாய்வே சரி.

————

அனைவருக்கும் நன்றி. மூவர் சாய்வு என்றீர்கள். ‘எண்ணச்சாய்வு’ என்று கொடுத்துவிட்டேன். உட்கோட்டம் அடிக்குறிப்பில் இருக்கிறது.

————

அடுத்த பதிப்பிலாவது முதல் தொகை பற்றிய இயலில் ‘பிசகு’ என்று மாற்றுங்கள். அங்கே சாய்வு பொருந்தவே இல்லை.