மத்தியானம் ஆனால் சோலார் இன்வெர்ட்டர் நின்றுவிடுகிறது, உதவி தேவை

தெற்குத்தெரு:
வணக்கம். மானியத் திட்டத்தில் வீட்டு மாடியில் சோலார் போட்டிருக்கிறோம். காலையில் நன்றாக ஓடுகிறது. 11 மணிக்கு மேல் வெயில் ஏறினால் நின்றுவிடுகிறது. கொஞ்ச நேரத்தில் தானாகவே வரும், மறுபடி நிற்கும். மூன்று மணி வரை இதே கதைதான். போட்டவரைக் கேட்டால் லைன் கோளாறு என்கிறார். மின்வாரிய ஆபீஸில் கேட்டால் இன்வெர்ட்டரைப் பாருங்கள் என்கிறார்கள். நல்ல வெயில் நேரத்து உற்பத்தி முழுக்கப் போகிறது. அப்பாவின் ஓய்வுப் பணத்தில் போட்டது. தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

கரிசல்மண்:
எத்தனை கிலோவாட்? சிங்கிள் பேஸா, த்ரீ பேஸா? நிற்கும்போது திரையில் என்ன எழுதி வருகிறது? எந்தப் பக்கத்து ஊர்? இதெல்லாம் தெரியாமல் என்ன சொல்வது?

மாடித்தோட்டம்:
சூடுதான் காரணம், சந்தேகமே வேண்டாம். இன்வெர்ட்டரை மேற்குச் சுவரில் தகரக் கூரைக்குக் கீழே மாட்டியிருப்பார்கள். உள்ளே வெப்பம் ஏறினால் அது தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும். நிழலுக்கு மாற்றிப் பாருங்கள்.

பச்சைஒயர்:
எர்த் பார்த்தீர்களா? கோடையில் எர்த் குழி காய்ந்து கிடக்கும். உப்பும் கரியும் போட்டுத் தண்ணீர் ஊற்றுங்கள். சோலார் பிரச்சினையில் பாதி எர்த்தில்தான் முடியும்.

ஓம்விதி:
இந்தப் பகுதியில் இதே கேள்வி பல முறை வந்து, பல முறை பதிலும் சொல்லியாகிவிட்டது. தேடிப் பார்க்கும் பழக்கம் யாருக்கும் இல்லை. "நின்றுவிடுகிறது" என்பது ஒரு தகவலே இல்லை. சூடு என்றால் உற்பத்தி படிப்படியாகக் குறையும், சட்டென்று நின்று சட்டென்று வராது. எர்த் என்றால் காலையிலேயே இன்சுலேஷன் கோளாறு காட்டும். எர்ரர் என்னவென்று எழுதுங்கள், அப்புறம் பேசலாம்.

தெற்குத்தெரு:
3 கிலோவாட், சிங்கிள் பேஸ். வள்ளியூர் பக்கம். திரையில் கிரிட் ஓவர் வோல்டேஜ், அதாவது லைனில் வோல்டேஜ் அதிகம் என்று வருகிறது. சிவப்பு விளக்கும் எரிகிறது.

காற்றாடி:
வள்ளியூர் பக்கமா? அப்படியானால் காற்றாலைதான். முப்பந்தல் கணவாயில் காற்று அடிக்க ஆரம்பித்தால் அந்த வட்டாரம் முழுக்க லைன் நிரம்பிவிடும். வோல்டேஜ் ஏறாமல் என்ன செய்யும்? மே முதல் செப்டம்பர் வரை இப்படித்தான் இருக்கும். புரட்டாசி கழிந்தால் சரியாகிவிடும்.

ஓம்விதி:
தவறான தகவல். இப்போதைய காற்றாலைகளின் மின்சாரம் பெரும்பாலும் 33 கேவி (33,000 வோல்ட்) லைனில் சேர்ந்து, துணைமின் நிலையத்தில் 110 அல்லது 230 கேவிக்கு ஏறிப் போகிறது. தெருக் கம்பத்துக்கு நேராக வருவதில்லை. துணைமின் நிலைய டிரான்ஸ்பார்மரில் வோல்டேஜைச் சரிசெய்யும் டேப் மாற்றியும் இருக்கிறது. காற்றுதான் காரணம் என்றால் ராத்திரியிலும் வோல்டேஜ் ஏற வேண்டுமே? தெற்குத்தெரு, ராத்திரி எவ்வளவு இருக்கிறது?

தெற்குத்தெரு:
ராத்திரி லோ வோல்டேஜ். ஏழு மணிக்கு மேல் மிக்ஸி சரியாகச் சுற்றாது. அது பல வருஷமாகவே அப்படித்தான்.

மேகம்:
எல்லாரும் சுற்றி வளைக்கிறீர்கள். இன்ஸ்டாலர் கடவுச்சொல் போட்டு இன்வெர்ட்டர் செட்டிங்குக்குள் போனால் வோல்டேஜ் மேல் வரம்பு 253 என்று இருக்கும். அதை 270 ஆக்கிவிடுங்கள். எங்கள் தெருவில் எல்லாரும் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள், நிற்பதே இல்லை.

ஓம்விதி:
இதைச் செய்யவே செய்யாதீர்கள். கட்டமைப்போடு சேரும் சின்ன உற்பத்தி நிலையங்களுக்கு மத்திய மின்சார ஆணையம் 2013-ல் விதி வகுத்திருக்கிறது. வோல்டேஜ் 80 முதல் 110 சதவீதத்துக்கு வெளியே போனால் 2 விநாடிக்குள் விலகிவிட வேண்டும். 230-ல் 110 சதவீதம்தான் அந்த 253. வரம்பை ஏற்றினால் உங்கள் இன்வெர்ட்டர் ஓடும், பக்கத்து வீட்டுப் பிரிட்ஜும் டிவியும் 265 வோல்ட்டைக் குடிக்கும். அவர்கள் சோலாரே போட்டிருக்க மாட்டார்கள், போர்டு எரிந்தால் காரணமும் தெரியாது. தெருவில் எல்லாரும் செய்கிறார்கள் என்பதற்காக அது சரியாகிவிடாது.

மேகம்:
அப்போ உற்பத்தி வீணாகட்டும் என்கிறீர்களா? கடன் வாங்கிப் போட்டவர்கள் பாடு என்ன? 3 கிலோவாட்டுக்கு மானியமே 78,000 ரூபாய் கொடுத்து "போடு, போடு" என்று அரசாங்கம்தான் சொன்னது. போட்ட பிறகு லைன் தாங்காது என்றால் யார் பொறுப்பு?

காற்றாடி:
அதைத்தான் நானும் சொல்கிறேன். தெருவில் நடப்பது மேலேயும் நடக்கிறது. தமிழ்நாட்டில் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. சீசனில் நிறுத்து, குறை என்று பேக்டவுன் சொல்கிறார்கள். காற்று சும்மா போகிறது. சோலார் நிலையங்களுக்கும் இதே கதிதான். 2021 ஆகஸ்டில் மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் தமிழ்நாட்டு வழக்கிலேயே சொன்னது: கிரிட் பாதுகாப்பு என்ற காரணம் இல்லாமல் சோலாரைக் குறைக்கச் சொன்னால் இழப்பீடு கொடுக்க வேண்டும்.

கரிசல்மண்:
தீர்ப்பு சரி, லைனும் வேண்டும் அல்லவா? முன்பு தெற்கே விளைந்ததை வடக்கே கொண்டுபோகவே போதிய வழி இல்லை. கயத்தாறு 400 கேவி நிலையம் வந்தது அதற்காகத்தான். தென் மண்டலமே 2013 டிசம்பர் கடைசி வரை நாட்டின் மற்ற கிரிட்டோடு ஒத்திசைவாக இணைக்கப்படவில்லை. அதனால்தான் 2012 ஜூலையில் வடக்கும் கிழக்கும் இருண்டபோது நாம் தப்பித்தோம். இப்போது சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து புகளூர் வரை 800 கேவி நேர்மின் லைன், 6,000 மெகாவாட். காற்று சீசனில் எதிர்த்திசையிலும், அதாவது இங்கிருந்து வடக்கேயும் அனுப்ப வசதி வைத்துத்தான் கட்டினார்கள்.

காற்றாடி:
லைன் கட்டியும் குறைக்கச் சொல்வது நிற்கவில்லையே. மத்தியானம் சோலாரும் காற்றும் சேர்ந்து வரும்போது அனல்மின் நிலையத்தை இன்னும் இறக்க வேண்டும். இறக்க மாட்டோம் என்றால் எத்தனை லைன் போட்டும் பயனில்லை.

கரிசல்மண்:
ராத்திரி ஏழு மணிக்கு அந்த அனல்மின் நிலையம் வேண்டுமே ஐயா. மத்தியானம் அணைத்துவிட்டு சாயங்காலம் பொத்தானை அழுத்தினால் உடனே வருமா? குந்தாவில் 500 மெகாவாட் நீரேற்றுத் திட்டம் கட்டுகிறார்கள், மிச்ச மின்சாரத்தில் தண்ணீரை மேலே ஏற்றி, தேவைப்படும்போது இறக்கி மின்சாரம் எடுப்பது. அதைப் போல இன்னும் நிறைய வேண்டும்.

கீரிமலை:
இடையில் வருவதற்கு மன்னிக்கவும். நான் யாழ்ப்பாணம். எங்களுக்கு இந்தப் பிரச்சினை நாடு முழுக்க ஒரே நாளில் வந்தது. 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்து கோளாறாகி, முழு இலங்கையும் இருண்டது. ஞாயிறு எண்டபடியால் பாவனை குறைவு, கூரைச் சூரிய மின்சாரம் அதிகம், சுழலும் பெரிய இயந்திரங்கள் குறைவு. அதிர்ச்சியைத் தாங்க ஆள் இல்லை. பிறகு அதே வருஷம் சித்திரைப் புத்தாண்டு விடுமுறைக்கு, கூரைச் சோலாரைப் பகலில் நிறுத்தி வையுங்கோ என்று மின்சார சபை கேட்டது. உங்களுக்குப் பெரிய இந்தியக் கிரிட் பக்கத்தில் இருக்கிறது. எங்களுடையது தனித் தீவு. அதனால் இந்த இழையில் சொல்லப்படுவதை நாங்கள் கவனமாக வாசிக்கிறோம்.

ஓம்விதி:
நல்ல தகவல், கீரிமலை. ஆனால் அது அலைவெண்ணும் (ஃப்ரீக்வென்சி) சுழல்நிறையும் (சுழலும் இயந்திரங்கள் அதிர்ச்சியைத் தாங்கும் திறன்) பற்றிய பிரச்சினை. தெற்குத்தெருவுடையது அவருடைய தெருக் கம்பியில் இருக்கும் வோல்டேஜ் பிரச்சினை. இரண்டையும் ஒன்றாகக் குழப்பினால் அவருக்கு உதவி கிடைக்காது. காற்றாலை விவாதத்துக்குத் தனி இழை தொடங்குங்கள்.

பழையகம்பம்:
தம்பி தெற்குத்தெரு, நான் லைன் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன். ராத்திரி லோ வோல்டேஜ், மத்தியானம் ஹை வோல்டேஜ் என்றீர்களே, அது இரண்டு வியாதி இல்லை, ஒன்றுதான். உங்கள் வீடு டிரான்ஸ்பார்மரிலிருந்து தூரமா? நடுவில் எத்தனை கம்பம்? டிரான்ஸ்பார்மர் எத்தனை கேவிஏ, அதாவது எவ்வளவு லோடு தாங்கும்? கம்பத்திலிருந்து மீட்டருக்கு வரும் சர்வீஸ் ஒயரும், மீட்டரிலிருந்து மாடிக்குப் போகும் ஒயரும் என்ன அளவு? தெருவில் வேறு யாருக்கெல்லாம் சோலார் இருக்கிறது?

ஏன் கேட்கிறேன் என்றால், 11 கேவி டிரான்ஸ்பார்மரின் தாழ்வழுத்தப் பக்கம் 433 வோல்ட் என்று பெயர்ப்பலகையில் எழுதியிருக்கும். ஒரு பேசுக்குக் கணக்குப் போட்டால் 250. லோடு ஏறும்போது வழியில் குறைந்து, வீட்டுக்கு 230 போய்ச் சேரட்டும் என்றுதான் அப்படிச் செய்திருக்கிறார்கள். கரன்ட் டிரான்ஸ்பார்மரிலிருந்து வீட்டுக்குப் போகும் என்று நினைத்து அமைத்த ஏற்பாடு அது. நீங்கள் எதிர்த்திசையில் அனுப்புகிறீர்கள். வழியில் குறைந்த அதே வோல்ட் இப்போது உங்கள் பக்கம் கூடும். 250-க்கும் 253-க்கும் நடுவில் எவ்வளவு இடம் இருக்கிறது, பாருங்கள்.

தெற்குத்தெரு:
கடைசி வீடு ஐயா. நடுவில் பத்துக் கம்பம் இருக்கும். டிரான்ஸ்பார்மரில் 63 என்று போட்டிருக்கிறது. சர்வீஸ் ஒயர் அலுமினியம், 4 ஸ்கொயர் (சதுர மி.மீ.), 30 மீட்டர் என்று அப்பா சொல்கிறார். மாடி ஒயர் 2.5 ஸ்கொயர் காப்பர், 25 மீட்டர் வரும். தெருவில் இன்னும் இரண்டு வீட்டில் சோலார் உண்டு.

பழையகம்பம்:
சரி, இப்போது ஒரு வேலை செய்யுங்கள். எலக்ட்ரீஷியனைக் கூட வைத்துக்கொள்ளுங்கள், தனியாகத் தொட வேண்டாம். 12 மணிக்கு இன்வெர்ட்டரை அணைத்து மீட்டர் பக்கத்தில் வோல்ட் பாருங்கள். பிறகு ஓடவிட்டு, நிற்பதற்கு முன்னால் மீட்டர் பக்கத்திலும் இன்வெர்ட்டர் முனையிலும் பாருங்கள். அந்த நேரத்தில் எத்தனை ஆம்பியர் போகிறது என்பதும் வேண்டும். வீட்டு மின்விசிறி, பிரிட்ஜ் எல்லாவற்றையும் அணைத்துவிட்டுச் செய்யுங்கள், கணக்கு சுத்தமாக இருக்கும்.

தெற்குத்தெரு:
பார்த்தோம். அணைத்திருக்கும்போது மீட்டரில் 241. ஓடும்போது 8 ஆம்பியர், மீட்டரில் 250, இன்வெர்ட்டரில் 253. உடனே நின்றுவிட்டது.

பழையகம்பம்:
நல்லது, எல்லாம் தெரிந்துவிட்டது. கம்பத்துக்குக் கம்பம் 40 மீட்டர் என்றால் லைன் 400 மீட்டர். ஊர்த் தெருக்களில் வழக்கமாக இருக்கும் வீசல் என்ற அலுமினியக் கம்பி என்று வைத்துக்கொள்வோம், கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 0.93 ஓம். பேஸ், நியூட்ரல் இரண்டும் சேர்த்து 0.74 ஓம். சர்வீஸ் ஒயர் போக வர 0.44. மொத்தம் 1.18, அதை 8 ஆம்பியரால் பெருக்கினால் ஒன்பது சொச்சம். உங்கள் மீட்டரும் 9 வோல்ட் ஏற்றம்தான் காட்டுகிறது. கணக்கும் அளவும் ஒத்துப்போவதால் நியூட்ரல் ஜாயின்ட் லூஸாக இல்லை என்று நம்பலாம். லூஸ் என்றால் அளவு கணக்கைத் தாண்டிப் போயிருக்கும்.

மீட்டரிலிருந்து மாடிக்கு 3 வோல்ட். அது 2.5 ஸ்கொயர் ஒயரின் வேலை. அதை 6 ஸ்கொயர் காப்பராக்குங்கள், பாதிக்கு மேல் குறையும். சர்வீஸ் ஒயரை 10 ஸ்கொயர் ஆக்கித் தரும்படி ஆபீஸில் எழுதிக் கொடுங்கள். அது உங்கள் கையை வைக்கும் இடம் இல்லை. இரண்டும் ஆனால் 10 ஆம்பியர் போனாலும் இன்வெர்ட்டரில் 252-க்குள் நிற்கும். கோடை வெயிலில் 3 கிலோவாட் பேனல் அதற்கு மேல் அபூர்வமாகத்தான் தரும்.

மேகம்:
இன்வெர்ட்டரிலேயே வோல்டேஜை இறக்க உதவும் ரியாக்டிவ் பவர் செட்டிங் இருக்கிறதே, அதைப் போட்டால் போதாதா?

ஓம்விதி:
கொஞ்சம் உதவும். ஆனால் தாழ்வழுத்தக் கம்பியில் மின்தடைதான் அதிகம், ரியாக்டன்ஸ் (மாறுமின்னோட்டத்துக்கு மட்டும் வரும் எதிர்ப்பு) குறைவு. ரியாக்டிவை உறிஞ்சினாலும் இரண்டு மூன்று வோல்ட்தான் கிடைக்கும். அதைவிட, வோல்டேஜ் ஏற ஏற உற்பத்தியைத் தானே குறைக்கும் வோல்ட்-வாட் வசதி இருந்தால் போட்டுவையுங்கள். முழுதாக நிற்பதற்குப் பதில் கொஞ்சம் குறைந்து ஓடும். விதி வரம்பும் மீறாது. பழையகம்பம் ஐயாவின் கணக்கு சரியாகவே இருக்கிறது.

கரிசல்மண்:
வாஷிங் மெஷின், தண்ணீர் மோட்டார் எல்லாவற்றையும் 12 மணிக்குப் போடுங்கள். 1 எச்பி மோட்டார் ஓடினாலே 3 ஆம்பியருக்கு மேல் வீட்டிலேயே செலவாகும், வெளியே போவது குறையும்.

பச்சைஒயர்:
எர்த்தையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

தெற்குத்தெரு:
மாடி ஒயரை மாற்றியாயிற்று. சர்வீஸ் ஒயருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறோம். மோட்டாரை மத்தியானம் போடுகிறோம். முன்பு போல் நிற்பதில்லை, நல்ல வெயிலில் ஓரிரு தடவை மட்டும். எல்லாருக்கும் நன்றி, பழையகம்பம் ஐயாவுக்கு அப்பா தனியாக நன்றி சொல்லச் சொன்னார்.

பழையகம்பம்:
மகிழ்ச்சி தம்பி. சர்வீஸ் ஒயர் மாற்ற வரும்போது இன்னொன்றும் கேளுங்கள். தெருவில் சோலார் இருக்கும் மூன்று வீடும் ஒரே பேசில் இருக்கிறதா என்று பார்த்து, பிரித்துப் போடச் சொல்லுங்கள். கம்பத்திலேயே முடிகிற வேலை அது. நான்காவது வீட்டுக்காரர் சோலார் போட்டால் அதுவும் போதாது. லைன் கம்பியை மாற்ற வேண்டும், இல்லையென்றால் உங்கள் முனைக்குப் பக்கத்தில் இன்னொரு டிரான்ஸ்பார்மர் வேண்டும். அதை ஒரு வீட்டுக்காரர் கேட்டால் நடக்காது. தெருவே சேர்ந்து மனு கொடுங்கள். ராத்திரி லோ வோல்டேஜையும் மனுவில் எழுதுங்கள், சோலார் போடாதவர்களும் கையெழுத்துப் போடுவார்கள்.