பக்கத்து வீட்டுப் பியானோவும் ஒரு குமாஸ்தாவும்

அம்மா: பாப்பா மறுபடியும் பியானோவில் அந்த இசையமைப்பாளர் கிளெமெண்டியின் பாடத்தை ஆரம்பித்துவிட்டாள். பியானோ கிரேடு தேர்வு முடிகிற வரை வீட்டில் இதுதான். தோசை வார்க்கும்போதுகூட கை அந்தத் தாளத்துக்கே போகிறது.

தங்கச்சி: வாசிக்கிற எனக்கும்தான் போர் அடிக்கிறது 😒

அத்தை: ஓபஸ் 36 என்ற அவருடைய தொகுப்பில் முதல் சொனாட்டினாதானே, பழகுகிறவர்களுக்கான சின்ன பியானோ உருப்படி? 1797ல் வந்தது, அன்றிலிருந்து பிள்ளைகளைப் படுத்துகிறது. அதையே கிண்டல் செய்து பிரெஞ்சு இசையமைப்பாளர் எரிக் சாட்டி 1917ல் ஒன்று எழுதினார், சொனாட்டின் பியூரோக்ராட்டிக், அதாவது ஆபீஸ்கார சொனாட்டினா. மூன்று பகுதியும் சேர்த்து நாலு நிமிடம்தான் இருக்கும், கதாநாயகன் ஒரு ஆபீஸ் குமாஸ்தா.

பெரியப்பா: யாரைச் சொல்கிறாய்?

அத்தை: உங்களைத்தான் அண்ணா 😄 இசைக் குறிப்புகளுக்கு நடுவிலேயே கதையும் எழுதி வைத்திருக்கிறார். ஆள் குஷியாக ஆபீஸ் போகிறான், அழகான ஒரு பெண்மணியைப் பிடிக்கும், கூடவே தன் பேனாக்கட்டையும் சட்டைக் கை அழுக்காகாமல் மாட்டுகிற பச்சை உறையும் பிடிக்கும், மாடிப்படியை முதுகால் ஏறுகிறான், நாற்காலியில் உட்கார்ந்ததும் பரம சந்தோஷம். அப்புறம் மெதுவான பகுதி முழுக்க பிரமோஷன் கனவு. பிரமோஷன் இல்லாமலே சம்பளம் ஏறினாலும் சரியாம்.

பெரியப்பா: எங்கள் செக்‌ஷனில் பாதிப் பேர் இப்படித்தான்.

நான்: இதில் கிளெமெண்டி எங்கே வருகிறார்?

அத்தை: அடி முதல் நுனி வரை அவர்தான். அவருடைய சட்டகம் அப்படியே இருக்கும், ஆனால் எங்கே திரும்ப வேண்டும் என்று பாப்பாவின் விரலுக்குத் தெரியுமோ அங்கே திரும்பாது. சாட்டி ஏதோ தெரியாமல் செய்தார் என்று நினைக்காதே, 39 வயதில் மறுபடி இசைப் பள்ளியில் சேர்ந்து 1908ல் கவுன்டர்பாயின்ட்டில், அதாவது பல மெட்டுகளை ஒன்றாகப் பின்னுகிற கலையில், டிப்ளமா வாங்கிய மனிதர். கடைசிப் பகுதியில் குமாஸ்தாவுக்குப் பக்கத்து வீட்டிலிருந்து பியானோச் சத்தம் கேட்கிறது. என்ன வாசிக்கிறார்கள் தெரியுமா, கிளெமெண்டி! எவ்வளவு சோகம் என்று வேறு எழுதியிருக்கிறார்.

அம்மா: அந்தப் பக்கத்து வீடு நம் வீடுதான் 😂

அத்தை: அண்ணி 😂 நடுவில் அவன் பெரு நாட்டுப் பழைய பாட்டு ஒன்றை முணுமுணுக்கிறான், அது பிரான்ஸின் பிரிட்டனிப் பக்கம் காது கேளாத, வாய் பேசாத ஒருவரிடம் சேகரித்ததாம். நாட்டுப்பாடல் சேகரிப்பவர்களுக்கு ஒரு குத்து என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

தங்கச்சி: தேர்வு முடிந்ததும் இதை வாசிக்கிறேன். பெரியப்பா, நீங்கள் கதையைச் சத்தமாகப் படியுங்கள்.

அத்தை: சாட்டி விடமாட்டார். வாசிக்கும்போது எழுத்தைச் சத்தமாகப் படிக்கக் கூடாது என்று 1914ல் இயற்றிய இன்னொரு பியானோ நூலில் எச்சரித்தவர்.

பெரியப்பா: சர்க்குலரா? அப்படியென்றால் கட்டாயம் மீறலாம்.