மெர்ஜ் செல்: கண்ணுக்கு நல்லது, ஃபில்டருக்கு எமன்?

நகாசு:
எக்ஸெல்னாலே மெர்ஜ் பண்ணாதே, அதாவது பல செல்ல ஒண்ணா சேக்காதேன்னு ஒரு கூட்டம் கத்திக்கிட்டே இருக்கு. ஷீட்ட கடைசில படிக்கப்போறது மனுஷன் தானே? ஜனவரி ஜனவரின்னு 20 வரிசைக்கு கீழ கீழ வந்தா கண்ணு பூத்துப்போகுது, மெர்ஜ் பண்ணி நடுவுல ஒரு தடவ போட்டா பளிச்சுனு தெரியும். இதுல என்ன தப்பு?

செல்வாக்கு:
ஃபில்டர் போட்டுப் பாருங்க தெரியும். பாக்கத்தான் 20 வரிசைக்கும் ஜனவரி, உள்ள மதிப்பு முதல் செல்லுல மட்டும்தான், மிச்சம் 19ம் காலி. ஜனவரிய டிக் பண்ணா ஒத்த வரிசை வந்து நிக்கும். வரிசைப்படுத்தப் (sort) போனா மெர்ஜ் செல்லெல்லாம் ஒரே சைஸ்ல இருக்கணும்னு எரர். தலைப்பு நடுவுல வரணும்னா கண்ட்ரோல் 1, அலைன்மென்ட், சென்டர் அக்ராஸ் செலக்‌ஷன். பாக்க மெர்ஜ் மாதிரியே இருக்கும், செல் தனித்தனியாவே இருக்கும்.

நகாசு:
அது பக்கவாட்டுல மட்டும்தான் பாஸ். நான் கேக்கறது மேல கீழ.

செல்வாக்கு:
சரி, அன்மெர்ஜ் பண்ணுங்க, செலக்‌ஷன கலைக்காம எஃப்5, ஸ்பெஷல், பிளாங்க்ஸ். அப்புறம் சமக்குறி, மேல் அம்பு, கண்ட்ரோல் என்டர், எல்லாம் ரொம்பிடும். மறக்காம காப்பி பண்ணி வேல்யூவா ஒட்டிடுங்க, இல்லன்னா வரிசைப்படுத்தும்போது ஃபார்முலா தாறுமாறா ஆயிடும். அதே பேரு திரும்பத் திரும்ப வர்றது உறுத்துதுன்னா கண்டிஷனல் ஃபார்மேட்டிங்ல (நிபந்தனை பாத்து செல்லோட தோற்றத்த மாத்தற வசதி) மேல் செல்லும் இதுவும் சமமான்னு ஒரு ரூல், நம்பர் ஃபார்மேட்ல மூணு அரைப்புள்ளி. எழுத்து மறைஞ்சிடும், மதிப்பு அப்படியே இருக்கும்.

நகாசு:
ஹாஹா, இப்ப நான் வேற நெடுவரிசைல ஃபில்டர் போடறேன், ஜனவரியோட முதல் வரிசை மறைஞ்சு ஏழாவது மட்டும் நிக்குது, அதுல மாசமே தெரியாது. எந்த மாசம்னு யார கேக்கறது?

செல்வாக்கு:
அது கரெக்ட் தான், ஃபில்டர் போடற ஷீட்டுக்கு அந்த ட்ரிக் ஆகாது.

ஓரமா_நிக்கறவன்:
ரெண்டு பேரும் ஒரே ஷீட்ல ரெண்டு வேலைய திணிக்கறீங்க. டேட்டாவ தனி ஷீட்ல வைங்க, கண்ட்ரோல் டி அமுக்கி டேபிளாக்குங்க, மெர்ஜ் கிடையாது, நடுவுல காலி வரிசை கிடையாது, டோட்டல் கூட வேணாம். பக்கத்து ஷீட்ல பிவட் (டேட்டாவ தொகுத்துக் காட்டற அட்டவணை) போட்டா மாசம் பேரு தானா ஒரே தடவ வரும். நீங்க விட்ட இன்னொன்னு கலர். மஞ்சள்னா பணம் வந்துச்சு பச்சைனா பாக்கின்னு அடிச்சு வச்சிட்டு போயிடறாங்க, கலர வச்சு ஃபில்டர் பண்ணலாமே தவிர நிபந்தனைக்கு ஏத்தத மட்டும் கூட்டற சம்இஃப்ஸ் ஃபார்முலாவுக்கு கலர் தெரியாது, கருப்பு வெள்ளைல பிரிண்ட் எடுத்தா நமக்கும் தெரியாது. நிலைன்னு ஒரு நெடுவரிசை போட்டு எழுதுங்க, அத வச்சு கலர் தானா மாறட்டும்.

நகாசு:
பிவட்டாம். டேட்டாவ மாத்திட்டு ரிஃப்ரெஷ் அடிக்காம பழைய டோட்டலயே மீட்டிங்ல காட்டறவங்க எத்தன பேரு...

ஓரமா_நிக்கறவன்:
பிவட் ஆப்ஷன்ஸ்ல ஃபைல் திறக்கும்போது ரிஃப்ரெஷ் ஆகறதுக்கு ஒரு டிக் இருக்கு. திறந்து வச்சிக்கிட்டே மாத்தினா ரைட் கிளிக் பண்ணி ரிஃப்ரெஷ் அடிங்க.

நகாசு:
டேட்டா ஷீட்ல மெர்ஜ் வேணாம், ஒத்துக்கறேன். ஆனா பிரிண்ட் எடுத்து சுவத்துல ஒட்டற அட்டவணைக்கு நான் மெர்ஜ் பண்ணத்தான் செய்வேன், காகிதத்துல யாரு ஃபில்டர் போடப்போறா?

செல்வாக்கு:
போட மாட்டாங்க. அடுத்த மாசம் அந்த ஃபைலயே காப்பி பண்ணி அதுல டேட்டா ஏத்த ஒருத்தன் வருவான் பாருங்க, அவனுக்கு நீங்களே பதில் சொல்லுங்க.