வட்டிக் கடன், நகைக்கடன், சீட்டு: நோட்டுல எப்படி எழுதுறது?

செல்லூர்வாசி: சம்பளம் 22,000. கூட்டுறவு வங்கியில நகைக்கடன் 60,000 (9.5%). வெளியில 2 வட்டிக்கு 40,000, 3 வட்டிக்கு 20,000. மாசம் 2,000 வீதம் 20 மாச ஏலச்சீட்டுல இது 5வது மாசம். எல்லாம் போக 3,000 மிஞ்சுது. எதை முதல்ல அடைக்க?

கணக்கர்: தம்பி, எல்லாத்தையும் வருஷ வட்டிக்கு மாத்தி எழுதுங்க. 3 வட்டின்னா 36%, 2 வட்டின்னா 24%. அசலுக்கும் வட்டிக்கும் தனித்தனிப் பத்தி போடுங்க. ஒண்ணா எழுதினா அசல் குறையாததே கண்ணுக்குத் தெரியாது. அந்த 3,000ஐயும், குறையுற வட்டியையும் 3 வட்டி அசல்லயே போட்டா ஏழாவது மாசம் முடியும். அப்புறம் அந்த 3,000, மிச்சமாகுற வட்டி 600, ரெண்டும் சேர்த்து மாசம் 3,600 அடுத்த கடனுக்கு.

புதூர் அக்கா: அசலைத் துண்டு துண்டா வாங்க மாட்டேன்னு வட்டிக்குக் கொடுக்கிறவங்க நிறையப் பேர் அடம்பிடிப்பாங்க. வாங்கினா, புரோநோட்டுக்கு (கடனுக்கு நீங்க எழுதிக் கொடுத்த பத்திரம்) பின்னாடியே தேதி போட்டு வரவு எழுதி, கையெழுத்தும் வாங்குங்க. முடிஞ்ச அன்னைக்கே புரோநோட்டைத் திருப்பி வாங்கிடணும். அடகு நகைக்கு இன்னும் மதிப்பு இருந்தா, வங்கியில கூடுதல் தொகை கேட்டு 3 வட்டியை ஒரே தடவையில அடைக்கலாம். எனக்குச் சரின்னு படுறது அதுதான்.

செல்லூர்வாசி: சீட்டைத் தள்ளி (ஏலத்துல தொகையைக் குறைச்சுக் கேட்டு) எடுத்து அடைக்கலாமா அக்கா?

கணக்கர்: இப்ப வேணாம். 40,000 சீட்டுல 8,000 தள்ளி 32,000 எடுத்தாலும் அதுல 10,000 நீங்க கட்டினதுதான். மீதி 22,000க்கு 15 மாசத்துல 30,000 கட்டணும். மாசாமாசம் வர்ற கழிவு (ஏலத்துல தள்ளின தொகையில உங்க பங்கு) தவணையைக் கொஞ்சம் குறைச்சாலும் 3 வட்டியை விட அதிகமாகவே வரலாம். எடுக்காத வரைக்கும் சீட்டைச் சேமிப்புப் பக்கம் எழுதுங்க. எடுத்த மறுநிமிஷமே மீதித் தவணை கடன் பக்கம் போகணும். பதிவில்லாத சீட்டுன்னா சேமிப்புல முழுசா எண்ணாதீங்க.